தெருவே ஒத்துக்கொள்ளும் முடிவு: வட சென்னையில் பொதுவேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொருக்குப்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ ஒரு குறுக்குத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் பைக் ஓரங்கட்ட வேண்டும். குழாய் தெருவில், துணி காய்வது தெருவில், பிள்ளைகள் விளையாடுவதும் தெருவில். இந்த மாதிரி இடத்தில் "தண்ணித் தொட்டியை எங்கே வைக்கலாம்? கை தூக்குங்க" என்று எண்ணினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முப்பது பேர் இந்தப் பக்கம், இருபது பேர் அந்தப் பக்கம். ஆனால் தோற்ற இருபது பேரும் மறுநாள் காலையில் அதே தெருவில்தான் இருப்பார்கள். அதில் ஒருவர் தன் வாசலில் பைக்கைக் குறுக்கே நிறுத்தினால் போதும், தண்ணீர் லாரி உள்ளே வராது.

அதனால்தான் நெருக்கமான பகுதிகளில் ஓட்டெடுப்பை நான் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் தேட வேண்டியது, யாராலும் "இதோடு என்னால் இருக்க முடியாது" என்று சொல்ல முடியாத ஒரு முடிவை. எல்லாருக்கும் பிடித்த முடிவு கிடைக்காது, அதைத் தேடிக் களைத்துப் போகவும் வேண்டாம். பிடிக்காவிட்டாலும் தடுக்க மாட்டேன், என் பங்கைச் செய்வேன் என்று ஒவ்வொருவரும் மனதாரச் சொன்னால் அந்த முடிவு நிற்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தத் தண்ணீர்த் தொட்டியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். குப்பைத் தொட்டி, பொதுக் கழிப்பறை, விளையாட்டுத் திடல் எதுவானாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

முதலில் கேள்வியைச் சரியாகப் போடுங்கள்

"தொட்டியைக் கோயில் பக்கத்தில் வைக்கலாமா, வேண்டாமா?" என்று ஆரம்பித்தால் தெரு அப்போதே இரண்டாகப் பிரிந்துவிடும். "நம்ம தெருவில் எல்லா வீட்டுக்கும் சண்டையில்லாமல் தண்ணீர் கிடைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால், இடத்தைப் பற்றி மட்டுமல்லாமல் லாரி வரும் நேரம், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், வரிசை முறை என்று பேச நிறைய விஷயம் வரும். பேச விஷயம் அதிகமானால் விட்டுக்கொடுக்கவும் இடம் அதிகமாகும். ஒருவர் இடத்தில் விட்டுக்கொடுப்பார், நேரத்தில் பெற்றுக்கொள்வார்.

அதே சமயம் கேள்வி தெருவின் கைக்குள் இருக்க வேண்டும். "வட சென்னையை எப்படி முன்னேற்றுவது" என்று கூட்டம் போட்டால் நல்ல பேச்சு நடக்கும், வேலை நடக்காது.

அது யாருடைய வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தெரு மொத்தமும் ஒத்துக்கொண்டபின் தவறான அலுவலகத்தில் போய் நின்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, பூங்கா ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீர்க் குழாய், தண்ணீர் லாரி, கழிவுநீர் மூன்றும் மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலந்து ஓடினால் இந்த இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று காட்டும், அதனால் இரண்டுக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். பக்கிங்காம் கால்வாய் என்றால் நீர்வளத் துறை. மின்மாற்றியும் தொங்கும் கம்பியும் மின் வாரியம். வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் போக வேண்டும். 2021-இல் பெயர் மாறும்வரை அதுதான் குடிசை மாற்று வாரியம்.

சந்தேகம் இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள். கிடைக்கும் புகார் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள், பிறகு பயன்படும்.

கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாக

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுவிட்டு, வந்தவர்களை வைத்துக் கூட்டம் நடத்துகிறார்கள். வருபவர்கள் எப்போதும் வருபவர்கள்தான்: சங்கத் தலைவர், ஓய்வுபெற்றவர்கள், கட்சிக்காரர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். தண்ணீர் சுமப்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போங்கள். யோசனை எதுவும் சொல்லாதீர்கள், கேளுங்கள். "அக்கா, ஞாயித்துக்கிழமை தண்ணி விஷயமா பேசப் போறோம். இப்போ தண்ணி புடிக்கிறதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" இவ்வளவு போதும். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவரை, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் தனியாகப் பாருங்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க" என்ற ஒரே பதில்தான் வரும். கம்பெனி வேலைக்கு வந்து ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பையன்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தெருவில் இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு விடிகாலையில் தண்ணீர் வேண்டும், அவருக்கு அது பிழைப்பு. கைப்பிடி இல்லாமல் படி இறங்க முடியாத ஆயாவுக்கு வேறு யாராவது குடம் தூக்க வேண்டும்.

யாரை விட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்ள அங்கன்வாடிப் பணியாளரையும் மகளிர் சுய உதவிக் குழுவினரையும் கேளுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களைப் போலத் தெரிந்தவர்கள் தெருவில் கிடையாது.

கட்சிக்காரர்களை ஒதுக்கிவைத்து இந்த ஊரில் பொதுவேலை செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆளுங்கட்சி வட்டச் செயலாளரையும் எதிர்க்கட்சி வட்டச் செயலாளரையும் ஒரே நாளில் பார்த்து, இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒருவருக்கு முதலில் தெரிந்து இன்னொருவருக்குப் பிறகு தெரிந்தால், தண்ணீர்த் தொட்டி கட்சித் தொட்டியாகிவிடும்.

வீடு வீடாகப் போங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பக்கத்து பி அண்ட் சி மில் (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் துணி ஆலை) தொழிலாளர்களிடையேதான். மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதற்கு நிர்வாகம், அரசு, சாதி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வேலைநிறுத்தம் என்ற முடிவின் சுமையை முதல் வாரத்திலேயே சுமப்பவர், கையில் சேமிப்பே இல்லாதவர். நம் சின்ன முடிவுகளுக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதன் செலவு யார் தலையில் விழும்? அவர் இருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள்.

எங்கே, எப்போது

கட்சி அலுவலகம் வேண்டாம். கோயில், சர்ச், மசூதி மண்டபமும் வேண்டாம், அங்கே நுழையத் தயங்குபவர்கள் இருப்பார்கள். பெரிய மனிதர் வீட்டு மாடியும் வேண்டாம். அங்கன்வாடி, மாநகராட்சிப் பள்ளி, நூலகம், எதுவும் இல்லையென்றால் தெருமுனை.

நேரத்தைத் தெருவைக் கேட்டு வையுங்கள். பொதுவாக எல்லாரும் ஞாயிறு காலை என்பார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்கு வாரத்திலேயே அதிக வியாபாரம் ஞாயிறு காலையில்தான், ராயபுரத்தில் பலருக்கு அது சர்ச் நேரம். மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மீனவர் பகுதியென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், நிதானமாகப் பேச நல்ல காலம். ஆனால் கையில் காசில்லாத காலமும் அதுதான். பணம் கேட்கும் பேச்சை அப்போது எடுக்காதீர்கள். ஒரே கூட்டத்துக்கு எல்லாராலும் வர முடியாவிட்டால் இரண்டு நேரத்தில் இரண்டு கூட்டம் போடுவதே மேல்.

கூட்டத்தை நடத்துவது

நடத்துபவர் முடிவில் ஆதாயம் இல்லாதவராக இருக்க வேண்டும். கவுன்சிலரோ சங்கத் தலைவரோ நடத்தினால், அவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பேசுவார்கள். அடுத்த தெருவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், அவர்கள் கூட்டத்தை நீங்கள் நடத்திக் கொடுங்கள். எழுத ஒருவர் தனியாக வேண்டும்.

உட்காரும் விதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாலு நாற்காலி போட்டால் நாலு பேர் தலைவர்களாகிவிடுவார்கள், பெண்கள் பின்னால் சுவரோரம் நிற்பார்கள். எல்லாருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லாருக்கும் பாய், வட்டமாக. முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு மட்டும் நாற்காலி.

ஆரம்பத்திலேயே மூன்று விதிகளைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். எல்லாரும் ஒருமுறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. பழைய சண்டைகளை இன்றைக்கு எடுக்கக் கூடாது. முதலில் பேசும் வாய்ப்பைக் குடம் தூக்கும் பெண்களுக்குக் கொடுங்கள். முதலில் பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ, கூட்டம் அந்தப் பாதையில்தான் போகும்.

ஒவ்வொருவரும் பேசி முடித்ததும், "அண்ணே, நீங்க சொன்னது இதுதானே?" என்று திருப்பிச் சொல்லுங்கள். மூலைவீட்டுப் பெரியவர் "இங்கே தொட்டி வைக்கவே கூடாது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை எதிர்த்துப் பேச ஆரம்பித்தால் அவர் குரல்தான் உயரும். "வெச்சா உங்களுக்கு என்ன ஆகும் பெரியவரே?" என்று கேளுங்கள். வாசலெல்லாம் ஈரமாகி வழுக்குகிறது, விடியற்காலையில் சத்தம் என்று சொல்வார். இப்போது பேச வேண்டியது அவரோடு அல்ல, ஈரத்தோடும் சத்தத்தோடும். தொட்டியின் கீழே சின்ன மேடை கட்டி, சிந்தும் நீர் வடிகாலுக்குப் போகச் சரிவு கொடுத்தால்? லாரி ஆறு மணிக்கு மேல் வந்தால்? இட்லிக் கடை அம்மாவுக்கு ஆறு மணி தாமதம் என்றால், முந்தின நாள் மாலையே அவருக்கு நாலு குடம் என்று ஒதுக்கினால்? "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை வெளியே எடுப்பதுதான் நடத்துபவரின் வேலை. மற்றதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பது மாதிரிதான்.

ஐந்து விரலில் மனதைப் பார்ப்பது

ஒரு யோசனை உருவானதும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு எல்லாரையும் ஒரே நேரத்தில் கை காட்டச் சொல்லுங்கள். ஐந்து விரல் என்றால் முழுச் சம்மதம், நானே முன்னால் நின்று செய்வேன். நாலு, நல்ல யோசனை. மூன்று, பரவாயில்லை, ஒத்துழைப்பேன். இரண்டு, ஒரு கவலை இருக்கிறது, அதைச் சரிசெய்தால் சரி. ஒன்று, எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் தடுக்க மாட்டேன். மூடிய கை, இது நடந்தால் என் பிழைப்போ பாதுகாப்போ போகும், நடக்க விடமாட்டேன்.

இரண்டு காட்டியவர்களிடமும் மூடிய கை காட்டியவர்களிடமும்தான் இனி பேச்சு. "என்ன மாத்தினா நீங்க மூணுக்கு வருவீங்க?" என்று கேளுங்கள். பாதிக் கூட்டம் ஒன்று காட்டினால், தடை இல்லை என்று நினைத்து முடித்துவிடாதீர்கள். அந்த வேலையைச் செய்ய ஆள் கிடைக்காது என்பதற்கு அது அடையாளம். பக்கத்தில் இருப்பவருக்குப் பயந்து விரலை மாற்றுபவர்கள் உண்டு. அப்படித் தெரிந்தால் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொல்லுங்கள், அல்லது சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக் கல் என்று எதையாவது கொடுக்கலாம். பேசாமல் இருப்பவரைச் சம்மதித்தவர் கணக்கில் சேர்க்காதீர்கள், கூட்டம் முடிந்ததும் வீட்டில் போய்ப் பாருங்கள்.

ஒத்து வராவிட்டால்

இதற்கான விதியைச் சண்டை வருவதற்கு முன்பே, முதல் கூட்டத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "இரண்டு கூட்டத்திலும் முடியாவிட்டால் நாலில் மூன்று பங்குப் பேர் சொல்வது முடிவு" என்பது மாதிரி. அப்படி விதி இல்லையென்றால் பிடிவாதமான ஒரே ஆள் தெருவையே வருஷக்கணக்கில் நிறுத்திவைக்க முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, தற்காலிக முடிவு. "மூணு வாரம் இப்படிச் செஞ்சு பாப்போம், நாலாவது ஞாயித்துக்கிழமை திரும்பப் பேசுவோம்." இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் மிகக் குறைவு. தேதியை எழுதி, அந்தத் தேதியில் உண்மையாகவே கூடுங்கள். இல்லையென்றால் அடுத்தமுறை "தற்காலிகம்" என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு வழி, முறை வைப்பது. நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் பாடு என்ற முறையில் நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்கு மோசமான இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை நல்ல இடம். வியாசர்பாடியில் கால்பந்துத் திடல் நேரத்தையோ தண்ணீர் வரிசையையோ இப்படிப் பிரிக்கலாம். திடல் என்றால் பெண் பிள்ளைகளுக்கான நேரத்தைச் சீட்டுப் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பாடு முறையிலிருந்து கற்க இன்னொன்றும் இருக்கிறது. சீட்டு நேர்மையாகத்தான் விழுகிறது, ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதை ஊரும் சாதியும் முடிவு செய்கின்றன. பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் பட்டியலில் இருப்பவர்களுக்கும் இடையே தகராறு தீர்ந்தபாடில்லை. ஆகவே முறை வைக்கும் முன் பெயர்ப் பட்டியலைத் தெருவில் ஒட்டி, விட்டுப்போனவர்கள் சேர ஒரு வாரம் கொடுங்கள்.

எழுதுங்கள், எடுத்துக்கொண்டு போங்கள்

கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானத்தை எழுதிப் படித்து, கையெழுத்து வாங்குங்கள். என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், யாருக்கு என்ன மறுப்பு இருந்தது. மறுப்பையும் எழுத வேண்டும், தன் பேச்சும் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஆனால் முடிவை வாட்ஸ்அப்பில் எடுக்காதீர்கள். போன் இல்லாதவர்கள் விடுபடுவார்கள், நேரில் பேசத் தயங்கும் வார்த்தைகளை அங்கே எல்லாரும் தாராளமாக எழுதுவார்கள்.

இனி அரசாங்கம். தமிழ்நாட்டில் 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதற்குக் கீழே பகுதி சபாக்களும் உண்டு. முதல் பகுதி சபாக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. அந்தப் பகுதி வாக்காளர்கள் யாரும் போய்ப் பேசலாம். தனியாளாகப் போய்ப் புகார் சொன்னால் ஒரு வரியில் எழுதிக்கொள்வார்கள். அறுபது வீட்டுக் கையெழுத்தோடு, இடம், அளவு, நேரம் எல்லாம் தெருவே பேசி முடித்த தீர்மானத்தைக் கொடுத்தால், "முதலில் உங்க தெருக்காரங்க ஒத்துக்கட்டும்" என்று யாராலும் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் பகுதியில் கூட்டம் எப்போது என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் ஒரு வழி. மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும், மீதியை அரசு தரும். வாரியக் குடியிருப்புகளில் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. எந்த வசூலாக இருந்தாலும் கணக்கை மாதாமாதம் சுவரில் ஒட்டுங்கள். எத்தனையோ சங்கங்கள் கருத்து வேறுபாட்டால் உடைவதில்லை, காட்டாத கணக்கால்தான் உடைகின்றன. பெரிய பணமும் வருகிறது: 2023-24 நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கென்று 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. திட்டம் போடுபவர்கள் உங்கள் பக்கம் வரும்போது, எது வேண்டும் எது வேண்டாம் என்று எழுதி வைத்த பதில் தெருவிடம் தயாராக இருக்க வேண்டும்.

எதை ஒப்புதலுக்கு விடக் கூடாது

சில விஷயங்களில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருப்பது தவறு. ஒரு சாதிக்காரர்கள், ஒரு மதத்தார், வெளியூர்க்காரர்கள் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாமா என்பது கூட்டத்தில் பேசி முடிவெடுக்கும் விஷயமல்ல. அது அவர்கள் உரிமை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் நடத்துபவர் அங்கேயே நிறுத்த வேண்டும். தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழி போன்ற உயிராபத்துகளுக்கும் கூட்டம் வேண்டாம், உடனே புகார் கொடுங்கள்.

எதிரே ஒரு பெரிய ஆலை இருந்தால் நிலைமையே வேறு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது குப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி, கையில் பிள்ளைகளோடு இருட்டில் ஓடினார்கள். அதே மாதம்தான் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் முகத்துவாரத்தில் பரவியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் "ஆலையும் ஊரும் உட்கார்ந்து சமரசமாகப் பேசுங்கள்" என்று சொல்பவர்கள் வருவார்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் அந்தப் பேச்சு, பலமுள்ளவர் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்கும் வேலையாகத்தான் முடியும். அங்கே ஒத்த முடிவு முதலில் ஊர்களுக்குள் வேண்டும்: எதைக் கேட்கப் போகிறோம், எதற்கு இறங்க மாட்டோம், ஒருவருக்கு மட்டும் வேலையோ காண்ட்ராக்டோ கொடுத்தால் என்ன செய்வோம். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு இப்படிக் கூடிப் பேசும் பழக்கம் பல தலைமுறையாக உண்டு. பல ஊர்களில் பெண்கள் அதில் உட்கார்வதில்லை, அதை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். நண்டும் இறாலும் விற்று வீட்டை நடத்துபவர்கள் அவர்கள்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதற்கு உட்பட்ட பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் உயரதிகாரி தலைமை வகிப்பார். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது, சொல்லப்படுவது பதிவாகும், அவ்வளவுதான். ஆகவே அந்த முப்பது நாளில் ஊரைக் கூட்டி, யார் எதைப் பற்றிப் பேசுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மீன்வளம், ஒருவர் குடிநீர், ஒருவர் பிள்ளைகளின் உடம்பு. எழுதியும் கொடுங்கள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு, நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். படிக்கும்வரை யாரும் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.